கரியில் புகை இல்லை என்று சொன்னேன்

1976-ஆம் வருடம் ஜூலை மாதம். ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் நகரத்துக்குத் தென்கிழக்கே டான்டினாங் என்ற ஊரில் நடந்தது இது. ஜூலை என்றால் இங்கே குளிர்காலத்தின் நடுப்பகுதி. விடிகாலையில் புல்லின் மேல் உப்புப் பூத்தது மாதிரி உறைபனி படிந்திருக்கும். எனக்கு எதைப் பார்த்தாலும் உப்புதான் ஞாபகம் வரும். தூத்துக்குடி அளத்தில் உப்பு வாரிய குடும்பம் எங்களுடையது. அப்பா, அம்மா, அக்கா மூன்று பேரும் அளத்துக்குப் போனார்கள். நான் மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். படிப்பில் அவளுக்கும் ஆசை இருந்தது. இரண்டு பேரை அனுப்ப வழியில்லை என்றபோது, தம்பி போகட்டும் என்று அவளே சொன்னாளாம். நான் வேதியியலில் பி.எஸ்ஸி. வாங்கியபோது அந்தச் சான்றிதழை அவள் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நிறம் பார்த்து ஆளைச் சேர்க்கும் வழக்கத்தை இந்த நாட்டில் விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன். கிடைத்தது. ஆனால் வந்த பிறகுதான் தெரிந்தது, என் பட்டத்தை இங்கே யாரும் பட்டமாக நினைக்கவில்லை என்று. ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் பீப்பாய் கழுவும் வேலை கொடுத்தார்கள். ஆய்வுக்கூடம் அதே கட்டடத்தில் மாடியில் இருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் படியேறிப் போவதைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே பீப்பாய் கழுவுவேன்.

தங்க இடம் கிடைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. தொலைபேசியில் கேட்டால் அறை இருக்கிறது என்பார்கள். நேரில் போய் நின்றால், இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டு போனார் என்பார்கள். நகரத்துக்குள் ஒரு விடுதியில் கொஞ்ச நாள் இருந்தேன். அங்கிருந்து முதல் ரயிலில் கிளம்பினாலும் வேலை தொடங்கிய பிறகுதான் வந்து சேர முடியும். இரண்டு தடவை எச்சரிக்கைக் கடிதம் வாங்கினேன். அப்போதுதான் ஒரு வயதான தம்பதி விற்ற சின்ன லாரி ஒன்றை வாங்கினேன். சரக்கு ஏற்றும் இடத்தில் அலுமினியத் தகட்டால் செய்த பெட்டி அறையொன்றைத் தூக்கி வைத்திருந்தார்கள். கேம்பர் என்பார்கள் இதை. விடுமுறைக்கு ஊர் சுற்றுகிறவர்கள் இரண்டு வாரம் தங்குவதற்காகச் செய்தது. உள்ளே ஒரு படுக்கைப் பலகை, ஒரு காஸ் அடுப்பு, கைக்குட்டை அளவுக்கு ஒரு ஜன்னல், கூரையில் காற்றுப் போக ஒரு திறப்பு. அவ்வளவுதான். அதைத் தொழிற்சாலையின் பின்வேலியை ஒட்டிய சந்தில் நிறுத்திக்கொள்ள வாயிற்காவலர் அனுமதித்தார். அவர் மால்டா தீவிலிருந்து வந்தவர். "நான் பாக்கல, எனக்குத் தெரியாது. யாராவது கேட்டா நீ நேத்துதான் வந்தே" என்று கண்ணடித்தார். அந்த "நேற்று" இரண்டு வருடத்துக்கு மேல் நீடித்தது.

காலையில் தொழிற்சாலைக் குளியலறையில் குளிப்பேன். மாலையில் பெட்டிக்குள் சோறு வடிப்பேன். கூட வேலை செய்தவர்கள் கேலி செய்யாத நாளில்லை. "உனக்கு வீட்டிலிருந்து வேலைக்கு வர எத்தனை நிமிஷம்? போக்குவரத்து நெரிசல் அதிகமா?" என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். ஆனால் ஊருக்கு எழுதும் கடிதத்தில் இதையெல்லாம் எப்படி எழுதுவது? "வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே நல்ல வீடு. இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம்" என்று எழுதினேன். அந்த இரண்டாவது வரியை ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. சும்மா அழகுக்காக எழுதியது.

அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா பதில் போட்டிருந்தாள். அவள் சொல்லச் சொல்லத் தபால்காரர் எழுதிய பதில். அத்தானையும் அங்கே கூப்பிட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தாள்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். தோணி கட்டும் தச்சர். பள்ளிக்கூடம் போகாதவர். கையெழுத்துக்குப் பதில் விரல் வைப்பார். ஆனால் மரத்தை முகர்ந்து பார்த்தே எத்தனை மழை கண்ட மரம் என்று சொல்லிவிடுவார். தோணி வேலை குறைந்துபோய் அவர் சும்மா இருந்த காலம் அது. எங்கள் தொழிற்சாலைக்கு இரண்டு தெரு தள்ளி, மரச்சாமான் பட்டறை வைத்திருந்த ஓர் இத்தாலியரிடம் பேசினேன். தச்சர்களுக்கு இங்கே கிராக்கி என்பதால், வேலை தருவதாகக் கடிதம் கொடுத்தார். குடியேற்றத்துக்கான மீதித் தாள்களை நான் நிரப்பினேன். வருகிறவர் தங்க வசதியான இடம் உண்டா என்ற கேள்விக்கு "உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரலில் வந்து இறங்கினார். விமான நிலையத்திலிருந்து அதே லாரியில்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். சந்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். அவர் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"வீடு எங்க மாப்ள?"

நான் பின்கதவைத் திறந்து காட்டினேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தார்.

"வீட்டுக்குச் சக்கரம் வச்சிருக்கீருன்னு ஒரு வார்த்தை எழுதிருக்கலாம்லா? பழைய டயரு ரெண்டு கொண்டாந்திருப்பேனே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்குச் சொல்லிவிடாதீர்கள் அத்தான் என்றேன்.

"நான் எங்க சொல்ல? என் காயிதத்த எழுதப்போறதும் நீருதான். அவளுக்கு வாசிக்கப்போறது தபால்காரரு. நடுவுல எனக்கு என்ன சோலி?" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் ஏறினார். தலை கூரையில் இடித்தது. "தோணி அறையவிட இது பெருசுதான். கவலப்படாதயும்" என்றார்.

ஒருவர் நின்றால் மற்றவர் உட்கார வேண்டும், ஒருவர் சட்டை மாற்றினால் மற்றவர் வெளியே போக வேண்டும் என்ற கணக்கில் மே மாதம் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் நகராட்சி ஆட்கள் சுற்றி வருவார்கள் என்பதால் லாரியைக் கடற்கரைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவோம். அவர் கடலைப் பார்த்து உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்பார். "தண்ணி ஒண்ணுதான், ஆனா வாட வேற" என்பார். பட்டறையில் அவருக்கு நல்ல பெயர். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாமலே இத்தாலியரோடு நாள் முழுவதும் பேசிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் அவரவர் மொழியில் பேசுவார்கள். நாற்காலி சரியாக வந்துவிடும்.

ஜூனில் குளிர் இறங்கியது. தகட்டுப் பெட்டிக்குள் குளிர் எப்படியிருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் மூச்சே கூரையில் நீராகி முகத்தில் சொட்டும். கம்பளி நனைந்து கனக்கும். இணைப்பு இடுக்குகள் வழியாகக் காற்று ஊசி மாதிரி வரும். காஸை எரித்துக்கொண்டே இருக்கவும் முடியாது. ஒரு சிலிண்டர் சமையலுக்கே ஒரு வாரம் வராது.

"அடைச்சிருவோமா மாப்ள?" என்று அவர்தான் ஒரு நாள் கேட்டார்.

தோணியில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திணித்து, எண்ணெயில் குழைத்த பசையைப் பூசித் தண்ணீர் புகாமல் அடைப்பார்களே, அதே வேலை. நான் தொழிற்சாலையிலிருந்து ஆளி எண்ணெயும் சுண்ணப் பொடியும் கழிவுத் துணியும் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் அந்தப் பெட்டியைத் தோணியாக்கினார். மழுங்கிய உளியால் துணித்திரியை இடுக்குக்குள் தட்டித் தட்டி ஏற்றினார். கதவுக்கு ரப்பர் வைத்தார். கடைசியில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வோர் இணைப்பின் ஓரமாகவும் கொண்டு போய்க் காட்டினார். புகை ஆடாமல் நேராக மேலே போயிற்று. பிறகு கூரைத் திறப்பின் வழியாக வெளியேறியது.

"பாத்தீரா? ஒரு நூல் காத்து வராது. அந்த மேல் தொறப்பு மட்டும் இருக்கட்டும்."

"அது வழியாத்தான அத்தான் இருக்கிற சூடெல்லாம் போகுது? அதையும் அடைச்சிருங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அடைத்தார்.

அடுத்த நாள், கூட வேலை செய்யும் கிரேக்கர் ஒருவர் இறைச்சி வாட்டுவதற்கு வைத்திருந்த அடுப்புக்கரி அரை மூட்டை கொடுத்தார். காலி பெயின்ட் டின் ஒன்றில் அடியில் மணல் போட்டு, மேலே கரியைப் போட்டு வெளியே வைத்துப் பற்றவைத்தேன். நன்றாகக் கனிந்த பிறகு உள்ளே தூக்கிக்கொண்டு வந்தேன். கதவை மூடியதும் ஐந்து நிமிடத்தில் பெட்டி நம் ஊர் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

அத்தான் அந்த டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, மூடுன எடத்துல இது ஆகுமா? தோணி அடித்தட்டுல எறங்குமுன்ன நாங்க வெளக்கக் கட்டி எறக்கிப் பாப்போம். வெளக்கு அணைஞ்சா ஆளு எறங்கக் கூடாது. கெட்ட காத்து."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. "அது அடைஞ்சு கெடந்த பழைய காத்து அத்தான். அது வேற விஷயம். வெறகுன்னாத்தான் ஆபத்து, புகை மூட்டும். கரியில புகையே இல்லையே, பாருங்க" என்றேன்.

"அப்படியா?"

"நான் இதத்தான் அத்தான் மூணு வருஷம் படிச்சேன்."

"படிச்சவரு சொன்னாச் சரி" என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

கரி முழுதாக எரியக் காற்றுப் போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, அது இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். சமன்பாட்டோடு எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டிக்குள் எனக்கு அது ஞாபகம் வரவேயில்லை. எங்கள் வீட்டில் அம்மா அடுப்பு எரித்தபோது ஓலைக்கூரை முழுக்கச் சந்து. அடுப்பும் பாடப்புத்தகமும் என் மனதில் ஒரு நாளும் சந்தித்துக்கொண்டதில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்தது இதுதான்.

முதல் சில நாட்கள் மாலையில் கொஞ்சமாகக் கரி போட்டோம். அவர் பீடி குடிக்க அடிக்கடி கதவைத் திறந்து வெளியே போவார். அதுவே எங்களைக் காப்பாற்றியிருக்க வேண்டும். காலையில் எழுந்தால் இரண்டு பேருக்கும் தலை வலிக்கும். குளிர் என்று நினைத்தோம். ஒரு வியாழக்கிழமை அவர் பட்டறையிலிருந்து பாதியில் வந்துவிட்டார். "தல பாறாங்கல்லா இருக்கு மாப்ள. கொமட்டுது" என்றார். காய்ச்சல் என்று முடிவு கட்டி மாத்திரை கொடுத்தேன். காய்ச்சல்காரருக்குச் சூடு வேண்டும் என்று அன்று மாலை கூடுதலாகக் கரி போட்டேன். பீடி குடிக்கக்கூட அவர் வெளியே போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எனக்கு முக்கியமான நாள். மாடி ஆய்வுக்கூடத்தில் ஓர் உதவியாளர் இடம் காலியாகியிருந்தது. தலைமை வேதியியலாளர் ஒரு பெண்மணி. ஒன்பது மணிக்கு என்னை வரச் சொல்லியிருந்தார். ஆறு மணிக்குக் கிளம்பும் முன் டின்னில் புதுக் கரி நிரப்பிக் கனியவைத்து உள்ளே வைத்தேன். "போயிட்டு வாரேன் அத்தான். இன்னைக்கு மாடிக்குப் போறேன்" என்றேன். பதில் இல்லை. அசந்து தூங்குகிறார், தூங்கட்டும் என்று நினைத்தேன். கதவை வெளியேயிருந்து இறுக்கிச் சாத்தினேன். சூடு வெளியே போகக் கூடாது என்று தோளால் முட்டிச் சாத்தினேன்.

எட்டு மணிக்கு நான் வாந்தியெடுத்தேன். பயத்தினால் என்று நினைத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்பது மணிக்கு மாடியேறினேன். அந்த அம்மாள் கேள்விகள் கேட்டார். அமிலம், காரம், கரைப்பான், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒன்றுகூடத் தவறவில்லை. இடையில் அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா? கை நடுங்குதே."

"கொஞ்சம் தலைவலி. ஒரு வாரமா இருக்கு. எங்க அத்தானுக்கும் இருக்கு."

"வீட்டுல ரெண்டு பேருக்குமா? எந்த வகை ஹீட்டர் வச்சிருக்கீங்க?"

"ஹீட்டர் இல்ல. ஒரு டின்னுல கரி..." என்று தொடங்கினேன்.

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. வேதியியலாளர் முன்னால் நின்று ஆங்கிலத்தில் "கரி" என்ற சொல்லைச் சொன்ன அந்த நொடியில்தான் என் புத்தகம் திறந்தது. சமன்பாடு, பக்கத்தில் நான் போட்ட அடிக்கோடு, எல்லாம் தெரிந்தது. அவர் எழுந்து ஏதோ கத்தினார். நான் படியில் விழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருந்தேன்.

கதவு திறக்கவில்லை. ரப்பர் வைத்து அத்தான் பொருத்திய கதவு அப்படியே கவ்விக்கொண்டு நின்றது. நான் வெறுங்கையால் அறைந்துகொண்டு நின்றேன். மால்டாக்காரர் இரும்புக் கம்பியோடு ஓடிவந்து ஜன்னலை உடைத்து, பிறகு கதவை நெம்பினார். இரண்டு பேருமாக அவரைத் தூக்கி உறைபனியின் மேல் கிடத்தினோம். முகம் நன்றாகச் சிவந்து, திருவிழாவுக்குப் போய்வந்தவர் மாதிரி இருந்தது. அந்த நிறம் எதனால் வருகிறது என்றும் நான் படித்திருந்தேன். "அத்தான், அத்தான்" என்று கூப்பிட்டேன். மூச்சு இருந்தது. எண்ணிப் பார்க்கிற மாதிரி விட்டு விட்டு வந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்தார்கள். இரண்டு நாள் கண் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் அக்காவின் கழுத்துதான் என் கண் முன்னே நின்றது. மஞ்சள் கயிற்றில் கோத்த தாலியோடு கூடிய கழுத்து. நான் அதற்கு மேல் நினைக்கவிடாமல் என் கன்னத்திலேயே அடித்துக்கொண்டேன். ஒரு நர்ஸ் வந்து கையைப் பிடித்தார்.

மூன்றாம் நாள் விழித்தார். என்னைப் பார்த்து அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சாயங்காலம்தான் நான் யாரென்று தெரிந்தது.

அதற்கு மறுநாள் ஒரு போலீஸ்காரர் வந்தார். கெட்டவர் அல்ல. வேண்டுமென்றே செய்துகொண்டதா, விபத்தா என்று எழுத வேண்டும் என்றார். நோயாளிக்கு ஆங்கிலம் தெரியாததால் என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார். கூரைத் திறப்பை யார் அடைத்தது, கரியை யார் பற்றவைத்தது என்று கேட்டார்.

நான் அத்தானிடம் தமிழில், "உண்மையச் சொல்லிடுறேன் அத்தான். நான்தான்னு சொல்லிடுறேன்" என்றேன்.

அவருக்கு வார்த்தைகள் சேர நேரம் பிடித்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு பேசினார்.

"கோட்டி மாதிரி பேசாதயும். நான்னு சொல்லும். நான் படிக்காதவன், எனக்கு ஒண்ணும் ஆவாது. ஒமக்கு மாடி வேலை."

"இல்ல அத்தான்..."

"நீரு போயிட்டா... ஒங்க அக்காவ யாரு பாப்பா? நான்னு சொல்லும்."

போலீஸ்காரர் பேனாவோடு காத்திருந்தார். "என்ன சொல்றாரு?" என்றார்.

அத்தானின் கை விரிப்பின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. தாள்களில் நான் எழுதிய "உண்டு" ஞாபகம் வந்தது. வேலை ஞாபகம் வந்தது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வந்தது. நான் வாயைத் திறந்தேன். என் நல்ல ஆங்கிலத்தில், இலக்கணப் பிழையில்லாமல், "தானே செய்ததாகச் சொல்கிறார். ஆபத்து என்று அவருக்குத் தெரியாதாம்" என்றேன்.

போலீஸ்காரர் தலையசைத்து எழுதிக்கொண்டார். அவர் பேனாவைத் தூக்கியதும் எட்டிப் பார்த்தேன். படிப்பறிவில்லாதவர், அறியாமையால் நேர்ந்த விபத்து என்ற பொருளில் இருந்தது. என் தோளில் தட்டி, "நீ சரியான நேரத்துக்குப் போனதால பிழைச்சாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அம்மாள் எனக்கு ஆய்வுக்கூட வேலையைக் கொடுத்தார். அவருக்கு உண்மை தெரியும் என்றே நினைக்கிறேன். அதைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. முதல் நாள் வெள்ளைக் கோட்டைக் கையில் கொடுத்தபோது என் கண்ணைப் பார்க்காமல் கொடுத்தார்.

அத்தான் பிழைத்தார். ஆனால் தச்சர் பிழைக்கவில்லை. கை நடுக்கம் நிற்கவில்லை. பட்டறைக்குக் கூட்டிப்போனேன். இத்தாலியர் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். உளியைக் கையில் கொடுத்தார். அத்தான் பலகையில் போட்ட கோட்டின் மேல் உளியை வைக்கப் பார்த்தார். அது கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் துடித்தது. நாலைந்து தடவை முயன்றார். பிறகு உளியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "இன்னைக்கு மரம் ஒத்துழைக்கல" என்று சிரித்தார். இத்தாலியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொன்னதை மறப்பதும் இருந்தது. அக்டோபரில் ஊருக்குக் கிளம்பியபோது, விமான நிலையத்தில் டிக்கெட் எங்கே என்று என்னிடம் நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் அவர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினேன். கடைசித் தடவை என் கையை அப்படியே பையின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நீரு ஒழுங்காச் சாப்பிடும்" என்று மட்டும் சொன்னார்.

அதற்கு முன்பே, அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல, அவர் பெயரில், என் கையெழுத்தில். "நான் புத்தியில்லாமல் கரியை மூட்டிவிட்டேன். உன் தம்பிதான் காப்பாற்றினான்." ஒரு வரி முடிந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். "எழுதும், எழுதும்" என்றார். எழுதினேன்.

அக்காவின் பதில் வந்தது. அவர் தெரியாமல் செய்ததற்கு நீ என்ன செய்வாய், நீ இல்லாவிட்டால் என் கதி என்ன, உன்னைப் படிக்கவைத்தது வீண் போகவில்லை என்று எழுதச் சொல்லியிருந்தாள். அந்தக் கடிதத்தை ஒரே ஒரு தடவைதான் படித்தேன்.

இன்னும் ஒரு வருடம் அதே பெட்டியில்தான் இருந்தேன். உடைந்த ஜன்னலைச் சரிசெய்யவில்லை. இப்போது ஓர் அறை கிடைத்திருக்கிறது. மாதா மாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறேன். அக்கா மறுபடியும் உப்பளத்துக்குப் போகிறாள் என்று தபால்காரர் தன் கையாக ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தார். அத்தான் வாசலில் உட்கார்ந்திருப்பாராம். பக்கத்து வீட்டுக்காரர்கள், படிக்காத மனுசன் அயல்நாட்டில் போய் இப்படிச் செய்துகொண்டு வந்தானே என்று அவர் காதுபடவே சொல்வார்களாம். அவர் ஒன்றும் சொல்வதில்லையாம்.

ஒவ்வொரு விடுமுறைக்கும் ஊருக்குப் போய் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். டிக்கெட் வாங்கும் இடம் வரைக்கும் போயிருக்கிறேன். இந்தப் பத்திரிகை எங்கள் ஊருக்கும் வரும். யாராவது அவளுக்கு வாசித்துக் காட்டிவிட மாட்டார்களா என்று ஒரு மனம் நினைக்கிறது. காட்டிவிடக் கூடாது என்று இன்னொரு மனம் நடுங்குகிறது. மூடிய இடத்தில் கரி ஆகுமா என்று அத்தான் அன்று கேட்டது சரியான கேள்வி. அதற்கு என்னிடம் பதிலும் இருந்தது. ஆனால் என் பட்டத்தைக் காட்டி அந்தக் கேள்வியைத்தான் நான் முதலில் வாயடைத்தேன். அக்காவின் பங்கையும் சேர்த்து நான் படித்த படிப்பு எங்கள் குடும்பத்துக்குச் செய்த முதல் காரியம் அதுதான் என்பதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.